நானாவும் தானாவும்

பதவி உயர்வு விண்ணப்பம் நாற்பத்து மூன்று பக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் விண்ணப்பதாரரின் பெயரைக் கேட்டார்கள். பதினெட்டாம் பக்கத்தில் மறுபடியும் கேட்டார்கள். இடையில் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் போலிருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், 'தங்கள் ஆய்வால் சமுதாயம் அடைந்த பயன் என்ன? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறிப்பிடவும்' என்று கண்டிருந்தது. பொருளாதாரத் துறையின் இணைப் பேராசிரியர் சற்று யோசித்துவிட்டு 'ஆம்' என்று குறித்தார். நான்கு பிரதிகள் எடுத்து, நான்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் இணைப் பேராசிரியராகிப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். அதற்குள் ஒரு நாளாவது பேராசிரியர் என்ற பலகையின் கீழ் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படி ஆசைப்படுவது தவறு என்று எந்த விதியிலும் இல்லை. அவரே தேடிப் பார்த்திருக்கிறார்.

அவருடைய ஆய்வுத் துறை அரசியல் பொருளாதாரம். யாருக்கு என்ன கிடைக்கிறது, கிடைக்கலாம் என்று முடிவு செய்கிறவர் யார் என்று பார்க்கிற படிப்பு. அவரோடு படித்தவர்கள் நிலம், வரி, ஏற்றுமதி என்று பெரிய பெரிய விஷயங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இவர் காத்திருப்பதை எடுத்துக்கொண்டார். இருபத்தெட்டு வயதில் அலுவலகத் தாழ்வாரங்களிலும் மருத்துவமனை பெஞ்சுகளிலும் போய் உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், யார் வந்ததும் வராததுமாக உள்ளே போகிறார்கள் என்று எண்ணினார். ஒரு பல் மருத்துவமனையில் தொடர்ந்து பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார். பல்வலியே இல்லாமல் ஒரு மனிதர் தினமும் வந்து போவதைக் கவனித்த வரவேற்பு மேசைப் பெண் பன்னிரண்டாம் நாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த விசாரணை கல்யாணத்தில் போய் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகும் விசாரணை நின்றபாடில்லை என்பது வேறு விஷயம்.

அந்த உட்காரலில் பிறந்ததுதான் 'காக்க வைப்பவர் யார்?' என்ற கட்டுரை. மொத்தம் பதினாலு பக்கம். தாமதம் என்பது திறமைக் குறைவல்ல, வேண்டுமென்றே செய்து விநியோகிக்கப்படும் சரக்கு, அடுத்தவரைக் காக்க வைக்க யாரால் முடிகிறதோ அவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். ஓர் ஆய்விதழ் அதை வெளியிட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவருக்குக் கண்ணில் கோளாறோ, கவனத்தில் கோளாறோ, பெயருக்கு முன்னால் இருந்த 'ந' என்ற இனிஷியலை 'த' என்று கோத்துவிட்டார். இவர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். அடுத்த இதழில் திருத்தம் வெளியாகும் என்று ஆசிரியர் பதில் போட்டார். அடுத்த இதழ் வெளியாகவில்லை. இதழே நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் துறையில் இருந்தவர்கள் இவரை நானா என்றும், கட்டுரையை எழுதினவரைத் தானா என்றும் சொல்லிக் கேலி செய்தார்கள். முதல் ஒரு வருடம் இவரும் சேர்ந்து சிரித்தார்.

விண்ணப்பம் கொடுத்த மூன்றாம் மாதம் கருத்துத் திருட்டுத் தடுப்புக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. விண்ணப்பத்தோடு இவர் கொடுத்திருந்த புத்தகத்தை அதற்கென்று வாங்கிய மென்பொருளில் போட்டுப் பார்த்ததில், அதன் மூன்று அத்தியாயங்கள் த. என்ற இனிஷியல் கொண்ட வேறொருவர் இருபத்தொன்பது வருடம் முன்பு எழுதிய கட்டுரையோடு எண்பத்தொரு சதவீதம் ஒத்துப்போகின்றன என்று தெரிந்ததாம்.

குழுத் தலைவர் நண்டுகளைப் பற்றி நாற்பது வருடம் ஆராய்ந்து ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். எதையும் பக்கவாட்டிலிருந்தே அணுகுவார்.

"உங்க ரெண்டு பேர் பேரும் ஒண்ணா இருக்கே, அத வச்சுத்தான் அவரோடத எடுத்தீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"எடுக்கலங்க. அது நான்தான். இனிஷியல் அச்சுப்பிழை."

"நீங்கதான்னா உங்களோடதையே நீங்க மறுபடி எடுத்துப் போட்டிருக்கீங்க. அதுக்கு விதி ஏழு. அஞ்சு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது."

"சரி, நான் இல்லன்னு வச்சுக்குவோம்."

"அப்ப அடுத்தவரோடத எடுத்திருக்கீங்க. அது விதி எட்டு. அதுக்கும் அஞ்சு வருஷம்தான். ஆனா உங்களுக்காக ஒண்ணு சொல்றேன், எட்டுல ஒரு வசதி இருக்கு. அவர் மறுப்பில்லன்னு எழுதிக் குடுத்தா விட்டுடலாம். ஏழுல அந்த வசதி கிடையாது. உங்களுக்கு நீங்களே எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

இணைப் பேராசிரியர் பையிலிருந்து பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்தார். பதினாலு பக்கம், அடித்தல் திருத்தலோடு. குழுவினர் கையெழுத்தை அவருடைய விடுப்பு விண்ணப்பங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"கையெழுத்து உங்களதுதான்," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "பாத்து எழுதினதுக்கு இதவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?"

வெளியே வந்தபோது இணைப் பேராசிரியருக்குக் காது சூடாகியிருந்தது. பதவி போனால் போகட்டும் என்று அவரால் நினைத்துக்கொள்ள முடிந்தது. வாழ்க்கையில் தனக்கென்று தோன்றியது அந்த ஒரே ஒரு யோசனை. அதையும் ஓர் அச்சுப்பிழை எழுதியது என்று ஆக்கிவிட்டார்களே என்பதுதான் தாங்கவில்லை. அது தன்னுடையது என்று இந்தப் பல்கலைக்கழகம் ஒரு வரி எழுத்தில் கொடுத்தால் போதும் என்று நினைத்தார்.

அப்படி எழுத்தில் கொடுப்பதற்கென்றே நிர்வாகக் கட்டடத்தில் ஒரு பிரிவு இருந்தது. 'ஒரே நபர் சான்று' என்று அதற்குப் பெயர். பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாள் படிவத்தை நீட்டியபடியே, "ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார்," என்றார்.

"ரெண்டு பேரும் வந்துதாம்மா இருக்கோம்."

அம்மாள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒருத்தர்தான் தெரியறீங்க."

"ஒருத்தர்தான்னு சான்று கேட்டுத்தாம்மா வந்திருக்கேன்."

"அத நீங்களா முடிவு பண்ணிட்டா அப்புறம் நாங்க எதுக்கு சார் உக்காந்திருக்கோம்? அவர ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் பாத்து, ஒரே ஆளுதான்னு தெரிஞ்சா அன்னிக்கே குடுத்துடறேன். நான் யாரையும் இழுத்தடிக்கற ஆள் இல்ல."

இதற்கிடையில் குழு தானாவின் கருத்தை அறிய அவருக்கே கடிதம் போட்டது. கட்டுரையின் அடியில் அச்சாகியிருந்த முகவரிக்குத்தான் போட்டது. அது இதே பல்கலைக்கழகம், இதே பொருளாதாரத் துறை, மூன்றாம் மாடி. தபால் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் இணைப் பேராசிரியரின் அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"சார், இந்த ஆளு உங்க ரூம்லதான் இருக்காராம்."

"இருக்கார். குடுங்க."

"நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கணும் சார். வந்தா சொல்றீங்களா?"

"வந்துட்டார்," என்று இணைப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அலுவலக உதவியாளர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூடாத அலமாரி ஒன்றும், ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருந்தன. கையெழுத்து வாங்கிய சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்மை தெரிந்தும் கோப்பில் கை வைக்காத ஒரே ஆள் அவர்தான்.

வீட்டில் மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பல் மருத்துவமனை மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"இதுல என்ன யோசனை? அவருக்கு வந்த கடிதாசு, அவர் பதில் போட வேண்டியதுதானே?"

"அது பொய்யில்லையா?"

"எதுங்க பொய்? கட்டுரைய எழுதினது நான்தான்னு எழுதுங்க. உண்மை. இவர் அத எடுத்துக்கறதுல எனக்கு மறுப்பில்லன்னு எழுதுங்க. அதுவும் உண்மை. இனிஷியல மட்டும் அவங்க போட்டபடியே போட்டுடுங்க. பிழைய அவங்கதான விரும்பறாங்க?"

இணைப் பேராசிரியர் அப்படியே எழுதினார். ஒரு வார்த்தை பொய் இல்லை. பதில் போய்ச் சேர்ந்ததும் பதிவாளர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பதிவாளர் மேசைக்கு முன்னால் நாற்காலி கிடையாது. நாற்காலி போட்டால் வருகிறவர்கள் உட்காருகிறார்கள் என்று எடுத்துவிட்டிருந்தார்.

"படிச்சேன் சார், கண்ணு கலங்கிடுச்சு," என்றார் பதிவாளர். "தன் உழைப்ப இன்னொருத்தர் எடுத்துட்டார்னு தெரிஞ்சும் எவ்வளவு பெருந்தன்மையா எழுதியிருக்கார் பாருங்க. நீங்கல்லாம் அவர்கிட்ட கத்துக்கணும். அவரோட பழக்கம் உண்டா உங்களுக்கு?"

"ஒரே ரூம்லதாங்க இருக்கோம்."

"அப்படியும் உங்களுக்கு ஒண்ணும் ஒட்டலையே," என்று பதிவாளர் வருத்தப்பட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இணைப் பேராசிரியர் பிழைத்திருப்பார். ஆனால் அந்த வருடம் தரவரிசைக் குழு வருவதாக இருந்தது. நூலகத்தில் தேடிப் பார்த்துக் கணக்கெடுத்ததில், தானாவின் கட்டுரையை உலகம் முழுவதும் நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருப்பது தெரிந்தது. நானா எழுதியதைக் காட்டியவை ஆறு. அதில் நான்கு நானாவே காட்டியவை. துணைவேந்தர் உடனடியாக ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். பத்து மணிக்கு என்று அறிவித்துப் பதினொன்றே முக்காலுக்கு வந்தார்.

"நமக்கு இப்ப வேண்டியது உழைக்கறவங்க இல்ல," என்று பேசினார் துணைவேந்தர். "உழைக்கறவங்க நம்மகிட்ட ஏற்கனவே நிறைய இருக்காங்க. அதனாலதான் நம்ம தரவரிசை இந்த நிலைமைல இருக்கு. நமக்கு வேண்டியது பேர் வாங்கினவங்க. இப்பேர்ப்பட்ட ஒரு மேதையோட கட்டுரை நம்ம முகவரிலேருந்து வந்திருக்கு. நம்ம கண்ணுல படல. ஏன் படல? பக்கத்துலயே இருந்ததால. பக்கத்துல இருக்கறவங்கள மதிக்கற வழக்கம் இந்த நிறுவனத்துல எப்பவுமே இருந்ததில்ல. அந்த மரபுக்கு எந்தக் குந்தகமும் வராம அவர நாம வெளியிலேருந்து வரவழைக்கப் போறோம்."

பலத்த கைதட்டல். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களைக் கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் அறையில் ஒரு கை எழுந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

மறுவாரம் ஒரே தபாலில் மூன்றாம் மாடிக்கு இரண்டு உறைகள் வந்தன. த. என்பவரை, விண்ணப்பமும் நேர்காணலும் இல்லாமலே, பொருளாதாரத் துறையின் பேராசிரியராக நியமித்திருப்பதாக ஒன்று சொன்னது. துறையில் இருந்த ஒரே பேராசிரியர் இடம் நிரம்பிவிட்டதால் ந. என்பவரின் விண்ணப்பம் முடித்து வைக்கப்படுகிறது, மேலும் அவர் தம் அறையைப் புதிய பேராசிரியருக்கு ஒழித்துக் கொடுக்கவும் என்று மற்றது சொன்னது. இணைப் பேராசிரியர் முதல் உறைக்குச் சந்தோஷப்பட்டு, இரண்டாவதற்குத் துக்கப்பட்டு, எது தனக்கு என்று புரியாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் ஓடினார்.

பதிவாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நீங்கதான் அவர்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? மொதல் நாளே தெரியும். துணைவேந்தர் ஐயாவுக்கும் தெரியும்னுதான் நினைக்கறேன். தெரிஞ்சத வச்சு ஆபீஸ் நடத்த முடியுமா? கோப்புல இருக்கறத வச்சுத்தான் நடத்த முடியும். கோப்புல நீங்க ரெண்டு பேர்."

"இப்ப என்னதாங்க பண்றது?"

"ஒரு நல்ல வழி இருக்கு. நானா இன்னிக்கே விருப்ப ஓய்வு வாங்கிக்கட்டும். தானா நாளைக்கு வந்து சேரட்டும். கூட ஒரு உறுதிமொழி மட்டும் வேணும், 'ந. என்பவருக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை'ன்னு. சொந்தக்காரங்க ஒரே துறையில இருக்கக் கூடாது பாருங்க, அதுக்காக. ஒரு கையெழுத்துதான் சார். பதினேழு வருஷமா காத்திருந்தது ஒரே நாள்ல கைக்கு வந்துடும்."

இணைப் பேராசிரியர் அந்த உறுதிமொழித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. பேராசிரியர் பதவி, கட்டுரையின் பெருமை, நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள், எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த இடத்தில் தான் மட்டும் நிற்க முடியாது என்றால் அழுகை வராமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார்.

"இத பாருங்க, உங்களோட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு," என்றார் மனைவி. "இப்ப நீங்க தானாவாகிட்டா என் புருஷன் யாருன்னு நான் ஒரு சான்று வாங்க அலையணும். எனக்கு லீவு கிடையாது." பிறகு நியமன ஆணையை வாங்கிப் புரட்டினார். "வேலைல சேர எத்தன நாள் குடுத்திருக்காங்க?"

"முப்பது நாள். வேணும்னா நீட்டிப்புக் கேக்கலாம்."

"அப்ப எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க? எங்க பெரிய டாக்டர் எத்தன மணிக்கு வருவார்?"

"அவர் எங்க நேரத்துக்கு வந்திருக்கார்?"

"சின்ன டாக்டர் ஒம்போது மணிக்கே வந்து நிப்பார். அவர்கிட்ட யாரும் போக மாட்டாங்க. பெரியவர் வராம இருக்க இருக்க பெஞ்சுல கூட்டம் ஏறிட்டே போகும். இதத்தானே நீங்க பதினாலு பக்கத்துக்கு எழுதினீங்க?"

இணைப் பேராசிரியர் மனைவியைப் பார்த்தார். அந்தக் கட்டுரையை இவ்வளவு சுருக்கமாகத் தன்னால் சொல்ல முடிந்ததில்லை என்று தோன்றியது. அன்றே தானாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். 'நியமனத்துக்கு நன்றி. தற்போது என் ஆய்வு முக்கியமான கட்டத்தில் இருப்பதால் பணியில் சேர மூன்று மாத நீட்டிப்புத் தேவைப்படுகிறது.' உறுதிமொழித் தாள் காய்கறிப் பட்டியல் எழுதப் பயன்பட்டது.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மாலையே நீட்டிப்பு அனுமதிக்கப்பட்டது. இணைப் பேராசிரியர் ஒருமுறை தன் அப்பாவின் சாவுக்குக் கேட்ட மூன்று நாள் விடுப்பு நாற்பது நாள் கழித்து அனுமதியாகி வந்தது. இதை அவர் சட்டென்று நினைத்துக்கொண்டார், ஒரு நிமிடம் கோபம் வந்தது. அடுத்த கடிதத்தில் ஆறு மாதம் கேட்டார். அதுவும் வந்தது. கூடவே, 'தங்கள் வசதியே எங்கள் வசதி' என்று பதிவாளர் தம் கைப்பட எழுதியிருந்தார்.

தானா வராமல் இருக்க இருக்க அவருடைய மதிப்பு கூடிக்கொண்டே போயிற்று. அவருக்காக மூன்றாம் மாடிக்கு வெள்ளையடித்தார்கள். அவர் வரும்போது யாராவது இருக்க வேண்டும் என்பதற்காக, அறையை ஒழித்துத் தரும்படி இணைப் பேராசிரியருக்குக் கொடுத்த உத்தரவை ரத்து செய்தார்கள். பல வருடமாக நின்றிருந்த மின்விசிறி ஓடத் தொடங்கியது. தரவரிசைக் குழு வந்தபோது, உலகப் புகழ் பெற்ற எங்கள் பேராசிரியர் பயணத்தில் இருக்கிறார் என்று துணைவேந்தர் சொன்னார். பயணத்தில் இருப்பதற்கும் மதிப்பெண் இருந்தது, பல்கலைக்கழகம் பதினொரு இடம் முன்னேறியது. வேலைக்கு வந்த யாராலும் அந்தப் பதினொரு இடத்தைக் கொண்டுவர முடிந்ததில்லை. நண்டு ஆராய்ச்சியாளர் மட்டும், தானா வந்ததும் நானா மேல் ஒரு புகார் எழுதி வாங்கிவிட வேண்டும் என்று அவ்வப்போது விசாரித்துக்கொண்டிருந்தார்.

பதினாறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை துணைவேந்தரே மூன்றாம் மாடிக்கு வந்தார். அங்கே மாடிப்படி இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மூச்சு வாங்கியது.

"அவர் இருக்காரா?"

"இல்லைங்க ஐயா."

"இன்னிக்கு வருவாரா? அவர நேர்ல பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அடுத்த வருஷமும் தரவரிசைக் குழு வருது."

"வரலாம். சொல்ல முடியாதுங்க. உக்காருங்க."

துணைவேந்தர் வாசலில் கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் போயிற்று. ஒரு முறை எழுந்து எட்டிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். அந்த மனிதரைப் பார்க்க அவருடைய அறை வாசலில் எத்தனையோ முறை உட்கார்ந்து திரும்பியவர் இணைப் பேராசிரியர். இந்த நாள் வந்தால் தனக்கு வயிறு குளிரும் என்று நினைத்திருந்தார். வயிறு குளிரத்தான் செய்தது, பாவமாகவும் இருந்தது. அலமாரியிலிருந்து கட்டுரையின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

"சும்மா இருக்கற நேரத்துக்கு, அவர் எழுதினது. பதினாலே பக்கம்தான்."

வேறு வழியில்லாமல் துணைவேந்தர் வாங்கிப் படிக்கத் தொடங்கினார். நான்காம் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏழாம் பக்கத்தில் ஒரு முறை சிரித்தார். இணைப் பேராசிரியர் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கட்டடத்தில் தன் கட்டுரையை ஒருவர் முழுசாகப் படித்து அவர் பார்த்ததில்லை. பத்தாம் பக்கத்தில்தான் அந்த இடம் வருகிறது. வருகிறவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே ஒன்றும் செய்யாமல் இருக்கும் ஒரு அதிகாரி, தன் அதிகாரம் முழுவதும் அந்தப் பூட்டிய கதவில்தான் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதைப் பற்றிய இடம்.

துணைவேந்தர் அதைப் படித்தார். நிறுத்தினார். திரும்பவும் படித்தார். தலையை மெல்ல ஆட்டியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மூளைங்க இந்த மனுஷனுக்கு!" என்றார். "நம்ம பதிவாளர அப்படியே உரிச்சு வச்சிருக்கார். இத எழுதினவருக்காக எத்தன நாள் வேணும்னாலும் காத்திருக்கலாம்."

சொல்லிவிட்டு, காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.